தி கேட் லேடி: கதை கனமான ஹாரர் அட்வென்சர் தேடுகிறேன், இதை விளையாடலாமா?

இரவுப்பறவை

வணக்கம் நண்பர்களே. ஹாரர் கேம் என்றாலே இப்போதெல்லாம் ஒரு சலிப்பு வந்துவிட்டது. இருட்டான நடைபாதை, கையில் டார்ச், திடீரென்று எதுவோ முகத்துக்கு நேரே பாய்ந்து கத்தும். அந்த நொடி தூக்கிவாரிப் போடும், கேமை மூடியதும் மறந்துபோகும். எனக்கு வேண்டியது வேறு. கதை இருட்டாக இருக்க வேண்டும், பெரியவர்களுக்கென்று எழுதியதாக இருக்க வேண்டும், முடித்த பிறகும் ரெண்டு மூணு நாள் மனசில் ஓட வேண்டும். சுடுவது, ஓடி ஒளிவது எல்லாம் இல்லாமல், பேசிப் பார்த்து, தேடிப் பார்த்து, புதிர் அவிழ்த்து நகரும் பாயின்ட் அண்ட் கிளிக் வகை என்றால் இன்னும் நல்லது.

இந்த மாதிரி கேட்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் தி கேட் லேடி பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறார், ஆனால் விரிவாக யாரும் எழுதிப் பார்த்ததில்லை. ஸ்கிரீன்ஷாட் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. புகைப்படங்களை வெட்டி ஒட்டியது போல இருக்கிறது, ஆட்கள் மரக்கட்டையாக நிற்கிறார்கள். மன அழுத்தம், தற்கொலை பற்றிய கதை என்றும் சொல்கிறார்கள். அந்த விஷயத்தை அதிர்ச்சிக்காக மட்டும் பயன்படுத்தியிருந்தால் எனக்கு வேண்டாம். விளையாடியவர்கள் ஸ்பாய்லர் இல்லாமல், நல்லது கெட்டது இரண்டையும் சொல்லுங்கள். என்னிடம் இருப்பது பழைய லேப்டாப், அதில் ஓடுமா என்பதையும் சேர்த்துச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

பழைய மவுஸ்

விளையாடுங்கள் சகோ, தயக்கமே வேண்டாம். இதைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவன் நான், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

2012-ல் வந்த கேம் இது. ஹார்வெஸ்டர் கேம்ஸ் என்ற பெயரில் ரெமிகியுஷ் மிகால்ஸ்கி என்பவர் செய்தது. பின்னால் பெரிய ஸ்டூடியோ எதுவும் கிடையாது. கதை, ஓவியம், வடிவமைப்பு எல்லாம் பெரும்பாலும் அந்த ஒரே ஆள்தான். அட்வென்சர் கேம் ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருளில் கட்டியது, தொண்ணூறுகளின் அட்வென்சர் கேம்கள் மாதிரி செய்ய ஆசைப்படுபவர்கள் பயன்படுத்துவது அது. அதனால் உங்கள் லேப்டாப்பைப் பற்றிக் கவலையே படாதீர்கள், எப்பேர்ப்பட்ட பழைய விண்டோஸ் மெஷினிலும் ஓடிவிடும்.

கதையின் தொடக்கத்தை மட்டும் சொல்கிறேன், இது முதல் சில நிமிடங்களிலேயே வந்துவிடும். சூசன் ஆஷ்வொர்த், நாற்பது வயது, ஒரு ஃபிளாட்டில் தனியாக இருக்கிறாள். உறவு என்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லை. அவள் பியானோ வாசித்தால் அக்கம்பக்கத்துப் பூனைகள் வந்து சேரும், கட்டிடத்தில் இருப்பவர்களுக்கு அது பிடிக்காது, அதனால்தான் அந்தப் பெயர். கேம் தொடங்கும்போதே அவள் இனி வாழ்வதில்லை என்று முடிவெடுத்துவிட்டாள். கண் விழிப்பது ஒரு கோதுமை வயலில். அங்கே அவளைச் சந்திக்கும் ஒரு கிழவி, புழுக்களின் ராணி என்று கேமில் அவளுக்குப் பெயர், சூசனைத் திரும்ப அனுப்புகிறாள். இனி உனக்குச் சாவு கிடையாது, ஒட்டுண்ணிகள் என்று கேம் அழைக்கும் கொடியவர்கள் ஐந்து பேர் உன் வழியில் வருவார்கள், அவர்களை நீ முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. புராணத்தில் தவம் கிடந்து சாகாவரம் கேட்பார்கள். இங்கே வாழவே விருப்பமில்லாத ஒருத்தியின் தலையில் அதைக் கட்டுகிறார்கள். இந்த ஒரு திருப்பத்தில்தான் மொத்தக் கேமும் நிற்கிறது.

அந்தச் சாகாவரம் வெறும் கதைக்காக வைத்ததும் இல்லை. சூசன் கொல்லப்பட்டால் கேம் ஓவர் திரை வராது, அவள் மறுபடியும் எழுந்து வருவாள், சில இடங்களில் அவள் சாவதே புதிருக்கு விடையாகவும் இருக்கும். வேறு கேம்களில் சாவு என்றால் சேவ் செய்த இடத்திலிருந்து மறுபடியும் தொடங்குவது, அவ்வளவுதான் நமக்குப் பழக்கம். இங்கே அவள் ஒவ்வொரு முறை எழும்போதும் அது அவளுக்கு எவ்வளவு பெரிய சுமை என்பது புரிந்துகொண்டே வரும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம், மருத்துவமனையில் ஒரு டாக்டர் அவளிடம் பேச்சுக் கொடுக்கும் காட்சி. நீளமான உரையாடல். அவளுடைய குழந்தைப் பருவம் எப்படி இருந்தது, எதனால் இந்த நிலைக்கு வந்தாள் என்று அவர் கேட்கக் கேட்க, பதிலைத் தேர்ந்தெடுப்பது நாம்தான். முதலில் நான் பொய் சொல்வது போலத்தான் பதில் சொல்லிக்கொண்டு போனேன், டாக்டரிடம் இருந்து தப்பித்தால் போதும் என்று. கொஞ்ச நேரத்தில் சூசனின் கடந்த காலத்தை நானே எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பதிலுக்கும் நின்று யோசித்தேன். ரத்தம் இல்லை, பேய் இல்லை, ஒரு மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ரெண்டு பேர். ஆனாலும் அதில் இருந்த இறுக்கம் எனக்கு வேறு எந்த ஹாரர் கேமிலும் கிடைத்ததில்லை.

படங்கள் பற்றி. ஸ்கிரீன்ஷாட்டில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பெரும்பாலும் கறுப்பு வெள்ளை சாம்பல், நடுவில் சிவப்பு மட்டும் பளிச்சென்று வரும். எப்போதாவது மற்ற நிறங்களும் எட்டிப்பார்க்கும், அது எப்போது வருகிறது என்று கவனித்தாலே சூசனின் மனநிலை தெரிந்துவிடும். வெட்டி ஒட்டியது போல இருப்பது உண்மைதான், ஆனால் அந்த விறைப்பு இந்தக் கதைக்குப் பொருந்துகிறது. மிக்அமிக் செய்த இசையைக் கட்டாயம் ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

கோட்டான்

பழைய மவுஸ் சொன்னதில் பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் கெட்டதையும் கேட்டிருக்கிறார் இல்லையா, அதை நான் சொல்கிறேன்.

முதல் விஷயம், இது பாயின்ட் அண்ட் கிளிக்கே கிடையாது. மவுஸுக்கு வேலையே இல்லை. இடது வலது அம்புக்குறியில் நடக்க வேண்டும், ஒரு பொருளின் அருகே போனால் மேல் அம்புக்குறி, கையில் இருப்பதைப் பார்க்க கீழ் அம்புக்குறி. பழகிவிடும், ஆனால் அறை முழுவதையும் மவுஸால் துழாவிப் பார்க்கும் சுகத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். சூசன் நடக்கும் வேகம் ரொம்ப மெது. ஒரு புதிருக்காக அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடக்க வேண்டி வரும்போது பொறுமை சோதிக்கப்படும்.

இரண்டாவது, வாய்ஸ் ஆக்டிங். சூசனுக்குக் குரல் கொடுத்தவர் அருமையாகச் செய்திருக்கிறார், அந்த வறண்ட, களைத்த குரல் இல்லாமல் சூசன் இல்லை. ஆனால் மற்றவர்களில் சிலருடைய பதிவுத் தரம் மோசம். ஒருவர் பேசுவது பக்கத்தில் கேட்கும், பதில் சொல்பவர் குகைக்குள் இருந்து பேசுவது போல இருக்கும். குறைந்த செலவில் செய்ததுதான் காரணம் என்று புரிகிறது, இருந்தாலும் உச்சக்கட்டமான காட்சியில் அது காதில் உறுத்துகிறது.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிய குறை. ஒட்டுண்ணிகள் எல்லோரும் ஒரே கனத்தில் எழுதப்படவில்லை. சூசன் மாதிரி நுணுக்கமான ஒரு பாத்திரத்தை எழுதியவர், அவளுக்கு எதிரே நிறுத்தும் கொடியவர்களில் சிலரை மட்டும் ரத்தம் தெறிக்கும் பழைய பாணியில் விட்டுவிட்டார். மனநிலையைப் பற்றி நிதானமாகப் பேசும் காட்சியிலிருந்து திடீரென்று கோரமான கொலைக்காட்சிக்குத் தாவுகிறது. ரெண்டும் ஒரே கேமில் ஒட்டவில்லை என்பது என் எண்ணம். மருத்துவமனை அத்தியாயத்தின் பின்பாதியில் வரும் கோரத்தைச் சிலரால் பார்க்கவே முடியாது, அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது நல்லது.

இவ்வளவு சொன்ன பிறகும், விளையாட வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஏழு அத்தியாயம், நிதானமாகப் போனால் பத்து மணி நேரம் வரை இழுக்கும். அதில் நல்ல இடங்கள் அவ்வளவு நன்றாக இருக்கின்றன.

தேன்மொழி_ஆர்

இரவுப்பறவை, அதிர்ச்சிக்காக மட்டும் பயன்படுத்தியிருக்கிறார்களா என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். எனக்கு மன அழுத்தத்துக்குச் சிகிச்சை எடுத்த அனுபவம் உண்டு, அதனால் இந்த மாதிரிக் கதைகளை ரொம்பச் சந்தேகத்தோடுதான் தொடுவேன்.

மருத்துவமனையிலிருந்து சூசன் வீடு திரும்பிய பிறகு ஒரு பகுதி வரும். அங்கே பேய் கிடையாது, கொலைகாரன் கிடையாது. அவளுடைய ஃபிளாட், அவள், அன்றைய நாள். நல்ல உணர்வுக்கு ஒரு கணக்கு, கெட்டதற்கு ஒரு கணக்கு என்று திரையில் ஓடும். அவள் உடைந்து போகாமல் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு என்ன செய்கிறோம் தெரியுமா? காபி போட வேண்டும். குளிக்க வேண்டும். எதையாவது சாப்பிட வைக்க வேண்டும். பால்கனியில் நின்று ஒரு சிகரெட். இவ்வளவுதான் அந்த நேரத்தில் நம் சாகசம். சின்னதாக ஒன்று தப்பாகப் போனாலும் கெட்ட பக்கம் ஏறும். மற்றவர்களுக்கு யோசிக்கவே தேவையில்லாத ஒரு வேலை, அந்த நிலையில் இருப்பவருக்கு எவ்வளவு பெரிய மலை என்பதை எந்த வசனமும் இல்லாமல் நம் விரல்கள் வழியாகவே சொல்லிவிடுகிறது. இதை எழுதியவர் இந்த நோயை அருகிலிருந்து பார்த்திருக்க வேண்டும் என்றுதான் எனக்குப் பட்டது. யாரும் சூசனைப் பார்த்து மனசைத் தேற்றிக்கொள், எல்லாம் சரியாகிவிடும் என்று பாடம் நடத்துவதில்லை. அது எனக்குப் பெரிய ஆறுதல்.

அப்புறம் மிட்ஸி. சூசன் வீட்டில் தங்க வரும் இளம்பெண். இவளுக்குப் புற்றுநோய், இனி அதிக நாள் இல்லை. வாழ்வதற்கு நேரம் இல்லாத ஒருத்தி, சாகவே முடியாத ஒருத்தி, இரண்டு பேரும் ஒரே வீட்டில். இதைக் கேட்டதும் கண்ணீர் வரவழைக்கும் கதை என்று தோன்றும். ஆனால் மிட்ஸி வாயாடி, பிடிவாதக்காரி, ஒரு ஆளைத் தேடிக் கண்டுபிடிக்கும் கோபத்தோடு வந்தவள். அவள் வந்த பிறகு சூசனின் பேச்சே மாறுகிறது, முதல்முறையாக எதிர்த்துப் பேசுகிறாள், சில நேரம் சிரிக்கவும் செய்கிறாள். கோட்டான் சொன்ன கோரக் காட்சிகள் எனக்கும் அதிகமாகத்தான் பட்டன, ஆனால் என்னைக் கடைசி வரை உட்கார வைத்தது இந்த இரண்டு பெண்களின் நட்புதான். நடுத்தர வயதுப் பெண் ஒருத்தியை, அழகியாகவோ அம்மாவாகவோ பாட்டியாகவோ ஆக்காமல் நாயகியாக வைத்த ஹாரர் கேம் வேறு எத்தனை இருக்கிறது சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இப்போது உங்கள் மனசு சரியில்லாத காலம் என்றால் இதை ஒத்திப் போடுங்கள். கேம் எங்கேயும் ஓடிவிடாது. தொடக்கக் காட்சியே கடினமானது, அதில் அவள் எழுதிவைத்த கடிதத்தை அவள் குரலிலேயே கேட்க வேண்டியிருக்கும். ஏற்கெனவே அப்படிப்பட்ட எண்ணங்களோடு போராடிக்கொண்டிருப்பவர்கள் முதலில் நம்பிக்கையான ஒருவரிடமோ டாக்டரிடமோ பேசுங்கள், கேமை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தனியாக நடு ராத்திரியில் விளையாட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நான் பெரும்பாலும் பகலில், அக்கா பக்கத்தில் இருக்கும்போதுதான் விளையாடினேன், அனுபவம் ஒன்றும் குறையவில்லை.

இரவுப்பறவை

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. தேன்மொழி சொன்ன அந்தக் காபி விஷயத்தைப் படித்ததும் வாங்கிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். மனநிலை நன்றாகத்தான் இருக்கிறது, விடுமுறையில் தொடங்குகிறேன்.

இன்னும் ரெண்டு சந்தேகம். டவுன்ஃபால் என்று இன்னொரு கேம் இதற்கு முன்கதை என்று எங்கோ படித்தேன். அதை முதலில் விளையாட வேண்டுமா? அப்புறம் முடிவுகள் பல உண்டு என்கிறார்கள், நல்ல முடிவுக்கு ஏதாவது வழிகாட்டி பார்த்துக்கொண்டே விளையாட வேண்டுமா?

பழைய மவுஸ்

வழிகாட்டி வேண்டவே வேண்டாம். முடிவு நம் தேர்வுகளைப் பொறுத்துதான் மாறும், அதிலும் கடைசி அத்தியாயத்தில் எடுக்கும் முடிவுகள் முக்கியம். முதல் தடவை மனசுக்குப் பட்டதைச் செய்யுங்கள். எந்த முடிவு வந்தாலும் அது உங்கள் சூசனின் முடிவு. அதற்குப் பிறகு ஆசை இருந்தால் கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் வைத்த சேவிலிருந்து மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம். அதனால் ஒரே சேவ் மேல் திரும்பத் திரும்ப எழுதாமல் அத்தியாயத்துக்கு ஒன்றாகத் தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

புதிரில் சிக்கிக்கொண்டால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான், ஏதோ ஒரு பொருளின் அருகே நிற்காமல் தாண்டிப் போயிருப்போம். இங்கே மவுஸ் இல்லாததால் பொருளுக்கு நேராக நின்றால்தான் பெயர் தெரியும். ஒவ்வொரு அறையையும் ஒருமுறை மெதுவாகக் கடந்து பாருங்கள், கிடைத்துவிடும். தர்க்கத்துக்கு அப்பாற்பட்ட புதிர் ரொம்பக் குறைவு.

நிதானம்

டவுன்ஃபால் கேள்விக்கு நான் சொல்கிறேன். மிகால்ஸ்கியின் மூன்று கேம்களைச் சேர்த்து ஒரு தொகுதியாகப் பார்ப்பார்கள். டவுன்ஃபால் முதலில் 2009-ல் வந்தது, பிறகு அதையே 2016-ல் புதிதாகச் செய்து வெளியிட்டார். தி கேட் லேடி 2012. லொரலாய் 2019. முன்கதை என்று கறாராகச் சொல்ல முடியாது, ஒவ்வொன்றும் தனிக்கதை, பாத்திரங்கள் சிலர் ஒன்றிலிருந்து மற்றொன்றில் எட்டிப் பார்ப்பார்கள். டவுன்ஃபாலின் நாயகன் ஜோ டேவிஸ், தி கேட் லேடியில் சூசனின் கட்டிடத்திலேயே இருக்கிறார். தெரியாமல் விளையாடினாலும் எதுவும் விட்டுப்போகாது.

என் ஆலோசனை, தி கேட் லேடியில் தொடங்குங்கள். பிடித்தால் 2016-ன் டவுன்ஃபால். ஒரு ஹோட்டலில் தங்கும் கணவன் மனைவி, மனைவி ஐவிக்கு உணவு தொடர்பான மனநோய், அவளைக் காப்பாற்றப் போகும் ஜோவுக்கு எது நிஜம் என்றே தெரியாத நிலை. கோட்டான் சொன்ன கோரம் இதில் இன்னும் தூக்கலாக இருக்கும், வயிறு பலமாக இருக்க வேண்டும். லொரலாய் பார்க்க மூன்றிலும் அழகானது, எனக்கு எழுத்தில் மட்டும் தி கேட் லேடி அளவுக்கு இல்லை என்று பட்டது.

இந்த ருசி பிடித்துவிட்டால் அடுத்ததாக ஒரு பழைய கேம் சொல்கிறேன், அதையும் இப்போது யாரும் பேசுவதில்லை. சானிடேரியம், 1998, ட்ரீம்ஃபோர்ஜ் என்ற அமெரிக்க நிறுவனம் செய்தது. கார் விபத்துக்குப் பிறகு முகம் முழுக்கக் கட்டோடு, தன் பெயர்கூட நினைவில்லாமல் ஒரு மனநலக் காப்பகத்தில் எழும் ஆள்தான் நாயகன். அத்தியாயத்துக்கு அத்தியாயம் இடம் மாறும், சில இடங்களில் நாயகனின் உருவமே மாறும். இரண்டாவது அத்தியாயத்தில் உடல் சிதைந்த குழந்தைகள் மட்டும் வாழும் ஒரு கிராமம். பெரியவர்கள் ஒருவரும் இல்லை. குழந்தைகள் கண்ணாமூச்சி விளையாடக் கூப்பிடுகிறார்கள், பாட்டுப் பாடுகிறார்கள், அம்மா சொல்லியிருக்கிறாள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்கிறார்கள். அந்த அம்மா யார் என்று தெரியும்வரை நாம் கேட்கும் ஒவ்வொரு பதிலும் முதுகைச் சில்லிட வைக்கும். எந்தப் பாய்ச்சலும் கிடையாது, முழுக்கப் பேச்சிலேயே வந்த பயம் அது. இரவுப்பறவை கேட்டது சரியாக இந்த வகைதான் என்று நினைக்கிறேன்.

மேலிருந்து சாய்வாகப் பார்க்கும் கோணம், வலது பட்டனை அழுத்திப் பிடித்துதான் நடக்க வேண்டும், அந்த நடைதான் இம்சை. மற்றபடி கதை முடிச்சுகள் கடைசியில் ஒன்றோடொன்று வந்து சேரும் விதம் இன்றைக்கும் அசத்தல்.

கோட்டான்

சானிடேரியத்துக்கு என் ஓட்டும் உண்டு. அதில் மவுஸ்தான் என்பதால் இரவுப்பறவைக்கு முதலில் கேட்டதுக்கு அதுதான் நெருக்கம். இருந்தாலும் வரிசை மாற்ற வேண்டாம், சூசனை முடித்துவிட்டு வாருங்கள்.

ஒரு சின்ன விஷயம் விட்டுவிட்டோம். தி கேட் லேடியை முழுத்திரையில் ஓட்டும்போது பழைய லேப்டாப்பில் படம் பக்கவாட்டில் இழுபட்டுத் தெரிந்தால், விளையாடும் முன் செட்டப் ஃபைலைத் திறந்து திரை அளவை மாற்றிப் பாருங்கள், இல்லையென்றால் சின்ன ஜன்னலாக வைத்தே விளையாடலாம். சப்டைட்டிலையும் போட்டுக்கொள்ளுங்கள், குரல் தேய்ந்து கேட்கும் இடங்களில் உதவும். முதல் ரெண்டு அத்தியாயம் முடித்ததும் இங்கே வந்து எழுதுங்கள், டாக்டரிடம் நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.